சும்மா விட்ட கடல்

காலை 6.40. கொக்குவிலில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்துக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து குருநகர்க் கரைக்கு ஆட்டோ முந்நூறு. இரண்டு கிலோமீற்றர்கூட வராது. "பெற்றோல் விலை தெரியாதோ அண்ணை" என்றார் ஓட்டுநர். மடியில் முந்தின நாள் கிடைத்த ஆய்வறிக்கை. ஆறு மாதத்துக்கு முன் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்காக இந்தக் கரையில் படிவம் நிரப்பியவன் நான். முழுக்க வாசிக்காமலே, பதில் சொன்னவர்களுக்குக் காட்டிவிட்டு நன்றி சொல்லப் புறப்பட்டிருந்தேன்.

7.30. றெஜினா அக்கா வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். கணவரோடு கடலுக்குப் போகிறவர், படிவம் நிரப்பியபோது எனக்கு அதிகம் பதில் சொன்னவரும் அவர்தான். வரைபடத்தை விரித்தேன். கரையோரத்துக் கடலில் ஒரு துண்டுக்கு மஞ்சள் பூசி, 'பயன்பாட்டில் இல்லை. கடலட்டை வளர்க்கும் பண்ணைக்கு உகந்தது' என்று போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அதே துண்டில் நான்கு படகுகள் வலை இழுக்கின்றன.

"உதை ஆர் சொன்னது?"

நீங்கள்தான், 'சும்மா' என்று சொன்னீர்கள் என்றேன்.

"சும்மா விட்டிருக்கிறம் எண்டனான் தம்பி. சும்மா கிடக்கு எண்டு சொல்லேல்லை. நீ வந்தது சினை நண்டு வாற மாதம். ஊரே கதைச்சு வலை போடாமல் விட்டது."

கையிலிருந்த நண்டை என் முன் வைத்தார். அது அந்த மஞ்சள் துண்டில் பிடித்தது.

8.15. பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். படிவத்தில் பயன்பாடு 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே பெட்டிகளாம். 'இல்லை'யில் சரி போட்டது நானாம். வாய்ச்சொல்லைச் சான்றாக எடுக்க ஆய்வுமுறையில் இடமில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சொன்னது சான்றில்லை, அதை நான் பிழையாக விளங்கிப் போட்ட சரி மட்டும் சான்றா என்று கேட்டேன். கூட்டம் இருக்கிறதென்று வைத்துவிட்டார்.

பண்ணைக்கு ஆட்சேபம் எழுத வெள்ளிக்கிழமை கடைசி. நான் எழுதுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"எழுது. 'மீனவப் பெண் ஒருவர்' எண்டு போடாதை. என்ரை பேரைப் போடு."

9.50. திரும்பும் பஸ்ஸில் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. இடப்பெயர்வு முடிந்து வந்தபோது, ஆளில்லாத வீடென்று யாரோ குடியிருந்தார்கள். "விட்டிட்டுப் போகேல்லை, பூட்டிட்டுப் போனனாங்கள்" என்று அம்மா வாசல் படலையில் நின்று கத்தினார். அந்த வித்தியாசம் தெரிந்த வீட்டில் வளர்ந்தவன்தான் அந்தச் சரியைப் போட்டேன். ஆட்சேபக் கடிதத்தின் முதல் வரியில், அக்காவின் பெயருக்கும் முன்னால், என் பெயரை எழுதினேன், பிழை விட்டவன் என்று.