தொம்மலூர் ஸ்டாப்பில் நடந்தது

ஞானராஜ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு நாலு மணி நேரம் தாமதமாகத்தான் கிடைத்தது. பஸ்ஸில் ஏறிவிட்டால் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அன்று மதியம் டிரிப் முடித்து டிப்போவில் இறங்கி போனைத் திறந்தால் பதினோரு அழைப்புகள் வந்திருக்கின்றன. சபையின் வாட்ஸப் குழுவில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதி, கண்ணாடி போட்ட அவருடைய படத்தையும் போட்டிருந்தார்கள். காலையில் பால் வாங்கி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. டிக்கெட் மெஷினைக்கூட ஒப்படைக்காமல் நான் பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சபையார் எல்லோருக்கும் அவரைத் தெரியும். காக்ஸ் டவுனில் அவர் வீட்டு டீயைக் குடிக்காதவர்கள் நம்மில் கொஞ்சம் பேர்தான். பஸ் டிரைவராக இருந்தார், தொம்மலூர் ஸ்டாப்பில் ஒரு அம்மாவின் இடுப்பு உடைந்துபோன விபத்துக்குப் பிறகு வண்டியைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் டயருக்குக் காற்றடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள், மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். இதுவும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விபத்தைப் பற்றி நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அடுக்கி எழுத வராது. டிக்கெட் கொடுத்தே பழகிய கை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டக்டர். அவர் வண்டிக்கு என்னைப் போட்டபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறி இறங்கியதும் நான் “ரைட்” என்று குரல் கொடுப்பேன். உடனே இந்த மனுஷன் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் கியர் போடுவார். என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“என்னண்ணா, நான் வாயத் திறந்தாலே திட்றீங்க?”

“உன்ன யாருடா திட்டினது? நான் அப்பாகிட்ட பேசுறேன்.”

அவருடைய அப்பா இறந்து பல வருடமாகிறது என்று எனக்குத் தெரியும். சரிதான், ஆள் கொஞ்சம் கழன்ற கேஸ் போல என்று பேசாமல் இருந்துவிட்டேன். டீக்கடையில் அவரே விளக்கினார். “காலையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் வரேன் ஜெபா. ரெண்டு சிக்னல் தாண்டறதுக்குள்ள எல்லாம் மறந்துடுது. எவனாவது ஆட்டோக்காரன் குறுக்க வந்தா போதும், வாயில என்னென்னமோ வருது. அதான் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். நீ ரைட்டு சொல்றப்போல்லாம், மேல இருக்கிற அப்பா என்ன நேசிக்கிறாருன்னு ஒரு தடவ நினைச்சு, ஸ்தோத்திரம் அப்பான்னு சொல்லிட்டு வண்டிய எடுப்பேன்.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ பேர்ல மட்டும் ஜெபத்த வச்சிருக்க. உன் வாயால எனக்காவது புண்ணியம் ஆகட்டும்.”

கோபக்காரர் அவர். அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார். ஒரு தடவை காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன், ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தவில்லை என்று, அப்பா வயதுக்காரரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு இறங்கினான். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் கை நரம்பெல்லாம் தெரிந்தது. நான் “ரைட்” என்றேன். வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்தார். டெர்மினலில் கேட்டபோது சொன்னார்: “அவனையும் நேசிக்கிறாருடா. எனக்குப் பிடிக்கலன்னா அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?”

இன்னொரு நாள் மழை. மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்று, ஒரு மணி நேரம் வண்டி ஒரு அடி நகரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டார். பயணிகள் பாதிப் பேர் இறங்கி நடந்தே போய்விட்டார்கள். திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்து, “டேய், ரைட்டு சொல்லு” என்றார்.

“வண்டியே நகரலியேண்ணா!”

“வண்டிக்கு இல்லடா. எனக்கு.”

சொன்னேன். மீதமிருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இனி தொம்மலூர். சாயங்காலக் கூட்டம், கதவில்லாத பழைய வண்டி, மூச்சுவிட இடமில்லை. பின்வாசல் பக்கம் யார் இறங்குகிறார்கள் என்று டிரைவரால் பார்க்க முடியாது. கண்டக்டரின் வாயை நம்பித்தான் அவர் வண்டியை எடுக்க வேண்டும். நான் பின்வாசலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரம் என் போன் அடித்தது. பணியில் போன் பேசக்கூடாது, பேசினால் நிரந்தரமாகாத ஆளுக்கு வேலையே போய்விடும். ஆனாலும் எடுத்தேன். அன்று என் மனைவிக்கு ஸ்கேன். அதற்கு முன் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. “புள்ளைக்கு இதயத் துடிப்பு நல்லா இருக்காம். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க” என்று அவள் அழுதாள். “வரும்போது மாதுளம்பழம் வாங்கிட்டு வாங்க” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தின் சத்தத்தை மீறி, “ரைட்டும்மா, ரைட்டு!” என்று கத்தினேன்.

போனில்தான் சொன்னேன். ஆனால் வண்டி கேட்டுவிட்டது. முனியம்மா என்ற வீட்டுவேலை செய்யும் அம்மா ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்திருந்தார். வண்டி அவரை இழுத்துத் தள்ளியது. அவர் விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அண்ணன் வண்டியை நிறுத்தி ஓடிவந்து, அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது, என் கையில் இருந்த போனைப் பார்த்தார். 

விசாரணையில் அதிகாரி கன்னடத்தில் ஒரே கேள்விதான் கேட்டார், ரைட் சொன்னது யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “யாரூ ஹேளில்லா சார்.” யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்துவிட்டேன் என்றார். எழுதிக்கொண்டார்கள். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். 

மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மாடிப்படியில் நின்று அழுதேன். நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “சொன்னா உன் வேல போயிடும். உன் வீட்டுக்காரி வயித்துல புள்ளயோட நிக்கிறா. இப்பப் போய் அவளுக்கு இந்த அதிர்ச்சி வேணுமா?” என்றார். நான் விடவில்லை. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு அவரு நேசிக்கிறாரு, நேசிக்கிறாருன்னு நினைச்சேனேடா. ஒரு தடவயாவது அது நினைப்புலருந்து கைக்கு வர வேணாமா?” கடைசியாக, “ரூத்துக்கும் சொல்லாத. அவ தங்கம், ஆனா அவ வாயில ஒண்ணும் நிக்காது” என்றார். ரூத் அக்கா அவர் மனைவி.

அவர் தேவதூதன் என்று நான் எழுத வரவில்லை. போலீஸ் கேஸ் இரண்டு வருடம் இழுத்தது. டிப்போவில் குனிந்து குனிந்து முதுகு போனது. ஒருநாள் டயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒப்புக்கொண்டார்: “ஆறு மாசம் நினைக்கவே முடியல ஜெபா. ஸ்டியரிங் போன ஆத்திரம். அவரு என்ன நேசிக்கிறாருன்னு ஆரம்பிச்சாலே, அப்படியான்னு மனசு நக்கலா கேக்குது.”

“அப்புறம் என்னண்ணா பண்ணீங்க?”

“கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நினைக்கிறத மட்டும் விடல. இப்பல்லாம் டயருக்கு ஒரு தடவ.”

சபையாரே, நம் கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் நம் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போகும் வண்டியை அவர்தான் ஓட்டுவார். விபத்துக்குப் பிறகு, பிள்ளைகள் போகும் வண்டி, வேறு டிரைவரைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. ஏகமனதாக முடிவெடுத்ததாக நோட்டில் இருக்கிறது. அந்த ஏகமனதில் என் மனமும் ஒன்று. நான் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிய காலையில் அவர் வழியனுப்ப வந்தார். சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, “டேய், பின்டயர்ல காத்து கம்மி. டிரைவர்கிட்ட சொல்லு” என்று என்னிடம் சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமானது. மகள் பிறந்தாள். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு வருடமும் ஒரு நல்ல நேரம் பார்த்தேன். மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடுவதில் நான் கெட்டிக்காரன்.

அடக்க ஆராதனைக்கு முனியம்மா வந்திருந்தார். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அண்ணன் வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய் வந்தது பலருக்குத் தெரியாது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ரூத் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவமே இல்ல தாயி. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவரு நிம்மதியா போகட்டும்” என்றார். ரூத் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “ரொம்ப நன்றிங்கம்மா” என்றார். செய்யாத தப்புக்கு, செத்துப்போன பிறகும் அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. தப்புச் செய்தவன் நாலு அடி தள்ளி மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரூத் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும், அண்ணன் எப்போதாவது சொல்லியிருப்பார் என்று உள்ளூர நம்பியிருந்தேன். சொல்லவே இல்லை.  அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“பன்னெண்டு வருஷம் ஜெபா! வீட்ல ஏதாவது ஒண்ணு கை தவறி விழுந்தாப் போதும், ‘கண்ண எங்க வச்சிட்டு ஓட்டினீங்க’ன்னு அதையே இழுப்பேன். பொண்ணு கல்யாணப் பேச்சுலகூட அதச் சொல்லிக் காட்டினேன். ஒரு நாளாவது வாயத் திறந்தாரா? சிரிப்பாரு. அந்தச் சிரிப்பப் பார்த்து எனக்கு இன்னும் எரியும். இப்ப நான் யாருகிட்டடா போய் மன்னிப்புக் கேப்பேன்?”

அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். “எழுந்து போ. உன் மூஞ்சியப் பாக்க முடியல” என்றார். போனேன். கேட் வரை வந்தபிறகு கூப்பிட்டார். “அவரு சொல்லல. நீ சொல்லு. சபை முழுக்கத் தெரியணும். பேசச் சொன்னா அழுதுட்டு உக்காந்துடுவ. நம்ம சபை இதழ்ல எழுது.”

அதனால்தான் எழுதுகிறேன். டிப்போவிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ, செய்யட்டும். என் மனைவியிடம் சொன்னேன், அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முந்தாநாள் தொம்மலூருக்குப் போய் முனியம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏசவில்லை. கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அப்படின்னா அவரு எதுக்குப்பா வாராவாரம் வந்தாரு?”

 அதற்குப் பதிலை உங்களில் யாராவது போய்ச் சொல்லுங்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை.

இப்படி எழுதுகிறவர்கள், போனவரிடமிருந்து தாங்கள் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று கடைசியில் சொல்வார்கள். பொறுமை என்பார்கள், விசுவாசம் என்பார்கள். எனக்கு அவரிடமிருந்து அப்படி ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அவர் கண் திறந்திருக்கும்போதே இதை எழுதியிருப்பேன். ஆனால் என்னுடையது ஒன்று பன்னிரண்டு வருடமாக அவரிடம் இருந்தது. அதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். தொம்மலூரில் முனியம்மாவை விழவைத்தவன் நான், ஜெபராஜ்.