பன்னிரண்டாவது பொம்மை

புது வீடு கட்டுகிறவர்களுக்குத் திருஷ்டி பொம்மை செய்து கொடுப்பது என் வேலை. பழைய சட்டை, கால்சட்டை, உள்ளே வைக்கோல். சாரத்தில் தொங்க விடுவார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. மெட்ராஸில் சிற்பம் படித்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஜங்ஷன் பஸ் நிலையத்தில் ஒரு நாள் மட்டும் பன்னிரண்டு பொம்மைகள் உட்கார வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. தலை வேண்டாம், உடுத்திக் கழித்த துணி போதும் என்றார்.

வைக்கோல் சரிந்தது. மூங்கில் கொடுத்து நிமிர்த்தினேன். பதினொன்று முடிந்தது.

"எல்லாம் பொம்மையாத்தான் இருக்கு. ஒண்ணுலயாவது ஆள் இருக்கணும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

என் மகன் ஆற்றோடு போய் இரண்டு வருஷம். பதினாறாம் நாள் அவன் துணியெல்லாம் ஆற்றில் விட்டோம். ஒரு கட்டம் போட்ட சட்டையை மட்டும் அவன் அம்மா ஒளித்துக்கொண்டாள். துவைக்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைப்பாள்.

அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் எடுத்தேன். ஒரு நாள்தானே, திரும்ப வைத்துவிடலாம். பன்னிரண்டாவதுக்கு மாட்டி, இடது தோளை இறக்கி வைத்தேன். அவன் அப்படித்தான் உட்காருவான். சிற்பி சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த வாரம் கட்சிச் சண்டையில் ஊரில் தினம் ஒரு கொடும்பாவி எரித்தார்கள். பொம்மைகளை உட்கார வைத்ததும் கூட்டம் கூடியது.

"யாருக்குலே கொடும்பாவி?"

"யாருக்கா இருந்தா என்ன. போடுலே!"

செருப்பு விழுந்தது. கட்டம் போட்ட சட்டைதான் முன்னால் இருந்தது.

"தோளத் தொங்கப் போட்டுட்டு இருக்கதப் பாரு, பொண்டாட்டிட்ட அடி வாங்குனவன் மாரி."

சிரித்தார்கள். சிற்பி ஓடி ஓடிப் படம் எடுத்தார். "இப்படி அமையும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

ஒருவர் தன் செருப்பை என் கையில் கொடுத்தார். "சும்மா நிக்கீரே அண்ணாச்சி. நீரும் ரெண்டு போடும்வே."

சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போட்டேன்.

சட்டையெல்லாம் செருப்புத் தடம். வாய்க்காலில் சவுக்காரம் போட்டு அலசி, காயவைத்து, பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் அவள் எடுத்து மோந்தாள்.

"சவுக்காரம்லா மணக்கு."

நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களும் அடிச்சியளா?"

"ம்."

"எத்தன?"

"ரெண்டு."

அவள் அழவில்லை. மத்தியானம் சோற்றுப் பானையை அந்தச் சட்டையால் பிடித்து இறக்கினாள்.

"சாப்பிட வாங்க" என்றாள்.