இடம்பெயராத சிரட்டை

இந்த ஊரில் பேருந்து எனக்காகக் குனிகிறது. நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. நான் ஊன்றுபொல்லோடு நிற்பதைக் கண்டதும் சாரதி ஏதோ ஒரு பொத்தானை அமுக்க, வண்டி புஸ்ஸென்று ஒரு பக்கம் தாழும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். நான் பிறந்த மல்லாவியில் பேருந்து எங்களுக்காக நின்றாலே பெரிய காரியம்.

சிறு வயதிலிருந்தே என் வலது முழங்கால் சிரட்டை அடிக்கடி கழன்று பக்கத்துக்குப் போய்விடும். இங்கே வந்த புதிதில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர், “எத்தனை தரம் இடப்பெயர்வு நடந்தது எண்டு டொக்டர் கேக்கிறார்” என்றார். வன்னியில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? “மல்லாவியில இருந்து கிளிநொச்சி, பிறகு விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு...” என்று ஒப்புவிக்கத் தொடங்கினேன். டொக்டர் பேனையும் கையுமாக என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது சிரட்டையைப் பற்றி என்று பிறகுதான் விளங்கியது.

கால் எலும்பில் ஒரு துண்டை அறுத்து, உள்பக்கம் நகர்த்தி, ஆணி இறுக்கினார்கள். அதன் பிறகு சிரட்டை ஒருநாளும் கழலவில்லை. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டொக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். கழலவில்லை என்று நான் சொன்னால் ‘ஃபீன்ட்’, நல்லது, என்று கை குலுக்குவார். ஆனால் காலப்போக்கில் மூட்டுத் தேய்ந்து, கால் பாதிக்கு மேல் மடங்காமல் போய்விட்டது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லையாம். எனக்கு ஆகிவிட்டது. குந்த முடியாது, காலை மடித்துச் சப்பாணி கொட்டி நிலத்தில் இருக்க முடியாது. குணமான காலுக்குள்ளேயே என்னைப் பூட்டி வைத்த மாதிரி எரிச்சல் வருகிறது.

போன கிழமை மல்லாவியிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள். அவளுடைய மகள் துளசிக்கும் இதே சிரட்டை வியாதிதான். வலைப்பந்து விளையாடும்போது மறுபடியும் கழன்றிருக்கிறது. எலும்பை வெட்டிச் சரிசெய்யலாம் என்று அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள்.

“உனக்குச் செய்து கனகாலம்தானே. நீ ஓம் எண்டால் செய்விப்பம்” என்றாள்.

ஓம் என்றால் துளசியும் என்னைப் போல ஆகலாம். வேண்டாம் என்றால் ஒவ்வொரு படியிலும் பயந்து பயந்து கால் வைப்பாள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன். கடைசியில், “செய்யுங்கோ அக்கா, பிள்ளை பயமில்லாமல் நடக்கட்டும்” என்றேன்.

துளசி போனை வாங்கினாள். ஒருநாள் ஊரோடு வந்து இருந்துவிடுவேன் என்று அவளிடம் எத்தனையோ முறை நான் சொல்லியிருக்கிறேன்.

“குந்தேலாதெண்டால், அப்ப நீங்கள் இஞ்ச வந்து இருக்கேலாதோ சித்தி?”

“வந்து நிக்கலாம் பிள்ளை” என்றேன். “இருக்கத்தான் ஏலாது.”