டோபின்ஸ் மில்லுக்கு ஒரு கல்வெட்டு

கனடாவில், ஸ்காபரோவில் சிவபாதம் அங்கிளைத் தேடி ஆள் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை எழுத அவரை விட்டால் ஆளில்லை. பிறந்த ஊர், கூடப்பிறந்தவர்கள், கலியாணம், கடைசி வருத்தம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் இரண்டே நாளில் முடியும். 1996 வரை பதினேழு பேருக்கு எழுதியிருந்தார். பதினேழு பேரில் ஒருவர்கூட வந்து குறை சொல்லவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு வான் ஓட்டினார். விடியற்காலையில் எங்கள் பத்துப் பேரை ஏற்றி, அஜக்ஸ் தாண்டி 401 நெடுஞ்சாலையில் பறந்து, வென்லக் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒரு காளான் பண்ணையில் வேலைக்கு இறக்குவார். பின்னேரம் திரும்ப ஏற்றும்வரை எட்டு மணி நேரம் சும்மா. மற்ற வான்காரர்கள் நித்திரை கொண்டார்கள். இவர் சேமக்காலைகளில் கல்லறைக் கல் வாசித்தார், நூலகத்தில் பழைய பேப்பர் கிண்டினார். மூன்று வருடத்தில் கவுண்டியின் ஏழு ஊர்களும் அவருக்கு மனப்பாடம். எந்த ஆலையை எந்த வெள்ளம் கொண்டுபோனது, ரயில் பாதைக்காக எந்த ஊர் எந்த ஊரோடு மல்லுக்கட்டியது என்று, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சொல்வார்.

"அங்கிள், ரோட்டைப் பாருங்கோ!"

"ரோட்டைப் பற்றித்தானடா சொல்லுறன். இது முந்திப் பலகை ரோட்டு!"

அந்த ஜூன் மாதம் ஒரு நாள் முகம் சிவந்துபோய் வானுக்கு வந்தார். கவுண்டிக்கு நூற்றைம்பது வயது. நூலகத்துப் பிரெண்டா வரலாற்றுப் புத்தகம் தொகுக்கிறாள். ஒவ்வொரு ஊரைப் பற்றியும் அந்த ஊரவர்களே எழுத வேண்டும். ஏழு ஊர்களில் ஒன்றான டோபின்ஸ் மில்லில் மிஞ்சியது ஐந்து வீடும் ஒரு சேமக்காலையும். எழுத ஆளில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் வராவிட்டால் அந்த ஊர் புத்தகத்தில் இல்லை.

"ஒரு ஊரையே வெட்டப்போறாளாம்!"

"உங்களுக்கென்ன அண்ணை, மாமன்ட ஊரோ?" என்றார் முன் சீட்டு மகேஸ்வரன் அண்ணை.

"அங்க புதைச்ச இருநூற்றிப் பதினாலு பேற்ற பேரும் எனக்குத் தெரியும். மாமன்ட ஊரில நாப்பது பேரைக்கூடத் தெரியாது. நான் எழுதுறன்!"

எழுதினார், தனக்குத் தெரிந்த ஒரே முறையில். ஆற்றுக்கும் ஆலைக்கும் 1838இல் மூத்த மகவாகப் பிறந்தது டோபின்ஸ் மில். பக்கத்து ஊர்கள் இரண்டும் தம்பிமார். 1871இல் ரயிலைக் கரம்பிடித்தது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றிய மகள் மயூரி அங்கே பேனையை வைத்துவிட்டாள்.

"அப்பா, ஊர் எப்பிடி ரெயினைக் கலியாணம் கட்டும்?"

"சீதனம் குடுத்துத்தான்! ஊர்ச்சனம் ரயில்காரனுக்குச் சும்மா நிலம் குடுத்தது. நீ எழுது."

1934இல் ரயில் விட்டுப்போனது, ஊர் படுக்கையில் விழுந்தது. கடைசியில் ஐந்து வீடுகளின் புலம்பல்.

கல்வெட்டு என்றால் முகப்பில் கறுப்புக் கரையும் முட்டை வடிவப் படமும் வேண்டும். ஊருக்குப் படம் இல்லை. ஆகவே அங்கே பிறந்து இன்னும் அங்கேயே இருக்கும் எண்பத்தாறு வயது அல்பேட்டின் படத்தைப் போட்டார். பிழை திருத்த விரும்புபவர்கள் வெள்ளி பதினொரு மணிக்கு நூலகத்துக்கு வரவும் என்று கீழே எழுதி, தபால் கந்தோர், கடை, இரண்டு தேவாலயம் எல்லா இடமும் பிரதி ஒட்டினார்.

வெள்ளியன்று பண்ணையில் கரண்ட் நின்றதால் எங்களையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். வாசல் நிறையக் கார். கறுப்பு உடுப்பில் அறுபது பேர். ஒவ்வொருவர் கையிலும் தட்டத்தில் சாப்பாடு.

"அங்கிள், ஆர் செத்தது?"

ஒரு பெண்ணின் கையிலிருந்த தாளைப் பார்த்தார்: கறுப்புக் கரை, அல்பேட்டின் படம், கீழே நாளும் நேரமும். படிக்கட்டில் பொத்தென்று இருந்தார். "ஐயோ, உயிரோட இருக்கிற மனிசனைச் சாக்காட்டிப்போட்டன்!"

அப்போது ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. அல்பேட் இறங்கினார். பெற்றோல் நிலையத்தில், தான் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். யாரோ ஒரு தட்டத்தைக் கீழே போட்டார்கள். அவர் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அங்கிள் கும்பிட்டபடி எழுந்து நின்றார்.

"இதில் ஒரு பிழை இருக்கிறது," என்றார் அல்பேட். "ரயில் நின்றது முப்பத்திரண்டில். நீ முப்பத்துநாலு என்கிறாய்."

அவ்வளவுதான். என் தாத்தாதான் ஸ்டேஷன் மாஸ்டர், அவர் பேர் இதில் இல்லை என்று ஒருவர் கத்தினார். பள்ளிக்கூடம் எரிந்தது மாரிக்காலத்திலல்ல என்று இன்னொருவர். அல்பேட்டின் சாவுக்கு வந்த அத்தனை பேரும் டோபின்ஸ் மில்லை விட்டுப் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்! சத்தம் கேட்டு வெளியே வந்த பிரெண்டா, சரி, புத்தகத்தில் ஒரு பக்கம் தருகிறேன் என்றாள்.

"நான் செத்ததுக்கு இத்தனை பேர் சமைத்திருக்கிறார்கள்," என்றார் அல்பேட். "ஒரு பக்கம் போதாது."

நாலு பக்கம் கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், கறுப்புக் கரை கூடாது. "கரை போகட்டும், படம் நிக்கட்டும்," என்றார் அங்கிள் தமிழில். எப்படியோ அவளுக்கு விளங்கியது.

நாங்கள் புல்லில் உட்கார்ந்து, அல்பேட்டோடு அவருடைய செத்தவீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

"அண்ணை, சாப்பிட வாங்கோ!" என்று கூப்பிட்டார் மகேஸ்வரன் அண்ணை. அங்கிளின் காதில் விழவில்லை. வானின் முன்பக்கப் பொனற்றில் தாளை விரித்து, சுற்றி நின்றவர்களிடம் ஒவ்வொரு பேராகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகியது. துடைக்கவும் நேரமில்லை.