கடுகு வெடித்த பான் செயோ

போன சனிக்கிழமை மனிசிக்குச் சப்பாத்து வாங்க இங்கே சுவிஸில் ஆராவ் நகரத்துக்குப் போனோம். சப்பாத்து வாங்கவில்லை. மூன்றாவது கடைக்கும் நான்காவது கடைக்கும் இடையில் அன்னாசிப்பூவும் சுட்ட இஞ்சியும் கலந்த வாசம் ஒன்று வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. "சாப்பாட்டு வாசம் வந்தால் உங்களுக்குக் கண் தெரியாதப்பா" என்றாள் மனிசி. உண்மைதான். அந்தப் புது வியட்நாம் கடையில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது.

அந்த வாசம் எனக்கு, கல்யாணத்துக்கு முன் நான் வேலை செய்த இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினி. பன்னிரண்டு பேர் சமைப்பார்கள், நான் ஒருவன் சட்டி கழுவுவேன். எனக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்தவர் லான் அக்கா, வியட்நாம்காரி. பதினொரு வருடமாக உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் மட்டும்தான். ஆனால் யார் ஜெர்மன் பேசினாலும் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும், அதனால் அப்படியே எழுதுகிறேன். 'அக்கா', 'தம்பி' என்ற இரண்டு சொற்களை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

குசினியில் வேண்டாமென்று ஒதுக்கிய மாட்டெலும்பைக் காலையிலேயே அடுப்பு மூலையில் ஏற்றிவிடுவார். மத்தியானம் அது ஃபோ என்கிற சூப்பாகி, நூடில்ஸோடு என் முன்னால் வரும். முதல் நாள் அதை நான் கொண்டுபோன சோற்றில் விட்டுப் பிசையப் போனேன். கையில் இருந்த வெங்காயத்தாள் கட்டால் முதுகில் ஒன்று போட்டார். "உறிஞ்சு தம்பி. சத்தம் வர உறிஞ்சு." சுவிஸில் என்னைச் சத்தம்போட்டுச் சாப்பிடச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இன்னொரு நாள் அரிசித்தாளில் றாலும் புதினாவும் சுருட்டித் தந்தார். நான் நல்ல பிள்ளையாகத் தாளை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருந்ததைச் சாப்பிட்டேன். அதற்கும் வெங்காயத்தாள்.

நீங்கள் வியட்நாம் கடைக்குப் போனால் ஃபோவில் தொடங்குங்கள், தேசிக்காய் பிழிய மறக்க வேண்டாம். பிறகு பான் மீ. மொறுமொறுத்த பாண் ரொட்டியைக் கீறி, ஈரல் விழுது பூசி, வினாகிரியில் ஊறிய கரட்டும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அடைத்தது. கடைசியில் ரின்பால் என்கிற இனிப்புக் கட்டிப்பால் விட்ட ஐஸ் கோப்பி. மீன் சோஸ் வாசத்துக்குப் பயப்படாதீர்கள். லான் அக்கா அந்தப் போத்தலைத் திறந்தால் மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். மன்னார்க்காரனான நான் கிட்டப் போவேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பான் செயோ. அரிசிமா, தேங்காய்ப்பால், மஞ்சள். சூடான தாச்சியில் மெல்லிசாகச் சுழற்றி, றாலும் முளைத்த பயறும் வைத்து மடித்து, சலாது இலையில் சுற்றி மீன் சோஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அதை ஹோட்டல் வாசலில் நின்று, போகிற வருகிற சனத்துக்குச் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் லான் அக்காவின் ஒரே ஆசை. கேட்டுக் கேட்டு ஷெஃப்பைக் களைக்க வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு ஞாயிறு" என்றார் ஷெஃப். "முதலாவதை நான் சாப்பிடுவன். பிடிச்சால் கோடை முழுக்க நீ சுடலாம். பிடிக்காட்டி உருளைக்கிழங்குக்குத் திரும்பிப் போ. பிறகு கேக்கக் கூடாது."

அந்த ஞாயிறு லான் அக்கா சலாது இலையை மறந்துவிட்டு அதை எடுக்க உள்ளே ஓடிய நேரத்தில்தான் ஷெஃப் வந்து நின்றார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் மஞ்சள் மா, தேங்காய்ப்பால் வாசம். பக்கத்தில் என் மத்தியானக் கறிக்கு நான் கொண்டுவந்த தாளிதப் பெட்டி. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, கைதான் யோசித்தது. கடுகு வெடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கறிவேப்பிலையும் பின்னாலேயே போய்விட்டது. குற்றத்தை மறைக்க அவசரமாக மாவை ஊற்றினேன்.

ஷெஃப் கடித்த நேரத்தில் லான் அக்கா இலையோடு வந்துவிட்டார். தட்டில் கறுப்புக் கறுப்பாக இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினொரு வருட ஆசையை நான் ஒரு சிட்டிகை கடுகில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இது என்ன இலை?" என்றார் ஷெஃப்.

அன்று காலையும் சேர்ச்சில் பூசைக்குப் போய்வந்த லான் அக்கா, கண் இமைக்காமல் சொன்னார். "எங்கட ஊரில இப்பிடித்தான்."

ஷெஃப் தட்டை நீட்டினார். "நோமால்." இன்னுமொன்று போடு என்கிறார்.

அவர் உள்ளே போனதும் வெங்காயத்தாள் கட்டு முழுவதும் என் முதுகில் உதிர்ந்தது. அடித்து அடித்துச் சிரித்தார், சிரித்துச் சிரித்து அழுதார். "இனிக் கோடை முழுக்க நீதான் கடுகு கொண்டு வரவேணும். ஒருத்தருக்கும் சொல்லாதை தம்பி." மூன்று கோடை கொண்டுபோனேன். சனம் வரிசையில் நின்று சாப்பிட்டது. சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு நான் கல்யாணம் செய்து ஊஸ்டருக்கு வந்துவிட்டேன். நாங்கள் சுட்ட வாசலில் இப்போது போன் உறை விற்கிறார்கள். லான் அக்கா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார்.

ஆராவ் கடையில் ஒரு வியட்நாம் இளம்பெண் பான் செயோ கொண்டுவந்து வைத்தாள். பிய்த்தேன். உள்ளே கடுகு. ஓரத்தில் கறிவேப்பிலை, நன்றாகப் பொரிந்து. இது யார் செய்முறை என்று கேட்டேன்.

"இன்டர்லாக்கனில லான் பெரியம்மாட்டைப் பழகினது" என்றாள் பெருமையாக. "எங்கட ஊரில இப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்து, கண்ணீரும் வந்துவிட்டது. "என்னப்பா, உறைச்சிட்டுதோ?" என்று மனிசி தண்ணீரை நகர்த்தினாள். கடுகுக் கதையை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்களும் ஆராவ் பக்கம் போனால் வாயைத் திறக்காதீர்கள். தட்டை நீட்டி "நோமால்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கடுகு எந்த ஊர்க் கடுகு என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் ஒருவன். சிரித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன். முதுகில் ஒன்றும் விழவில்லை.