யமுனா வைத்த டிக்

திருப்பதியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கேம் கம்பெனி. நகரியிலிருந்து யமுனா தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். கணவனின் பவர்லூம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். வீட்டுக்கு மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

ஆடுபுலி ஆட்டத்தை ஒரே ஃபைலாகக் கட்டுவது அவள் வேலை. பென்டிரைவில் போட்டால் போதும், நெட்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் ஆட்டம் ஏறிவிடும். கூடவே கிளையன்ட் என்று ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருந்தது. வேண்டுபவர்கள் ஒரு கட்டத்தில் டிக் வைத்தால் அதுவும் ஏறி, நெட்டிலிருந்து புதுப்புது ஆட்டங்களைக் கொண்டுவரும். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

முதலாளி பிரபாகர் அதற்கொரு வழி கண்டுபிடித்தார்.

"டிக்க நாமளே வெச்சி அனுப்பிடலாம்மா. எவன் படிக்கிறான்? நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிக்கினு போவான்."

"கிளையன்ட் ஏறிட்டா அது வழியாத்தான் சார் ஆட்டம் தொறக்கும். நெட் இல்லாதவங்க மாட்டிக்குவாங்க."

"வெக்க முடியாதுன்னா திங்கக்கெழம வராத."

கல்யாணத்தன்று தாய்வீடு விட்டுப் புறப்பட்டபோதும் அழாத யமுனா, ஒரு டிக்குக்காக அழுதாள். ஸ்பேஸ் பாரில் இரண்டு சொட்டு விழுந்தது. அது ஏற்கெனவே ஒட்டிக்கொள்ளும். அழுதுகொண்டே டிக்கை வைத்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆட்டத்தின் முதல் பிரதி குடிபாலாவில் இருக்கும் பிரபாகரின் அப்பா வீராசாமிக்குத்தான். அவர் ஆடிப் பார்த்து வெற்றிலை கொடுத்தால் அதுவே போணி. வெற்றிலை வராமல் எதுவும் விற்பனைக்குப் போகாது.

சனிக்கிழமை யமுனா பென்டிரைவும் லேப்டாப்புமாகப் போய் இறங்கினாள். வீராசாமி வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு; நெட் கிடையாது, வைக்கவும் விடமாட்டார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று, மகன் சொன்னதுபோலவே எதையும் படிக்காமல் அமுக்கினார். புலி வரவில்லை. ஆடும் வரவில்லை. நெட்டைத் தேடி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேய் பிரபா, கால் மணி நேரமா கிர்ருனு சுத்திக்கினு கீது. இன்னாடா இது?"

"டிக்க எடுத்துட்டு மறுபடி ஏத்து நைனா."

"நான் எந்த டிக்கும் வெக்கலியே."

"அது... மின்னாடியே இருக்கும்."

"என் ஊட்டு கம்ப்யூட்டர்ல நான் வெக்காத டிக்க எவன்டா வெச்சான்?"

"யமுனாதான் நைனா வெச்சுது."

வீராசாமி திரும்பிப் பார்த்தார். யமுனா வேலை போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"வெக்கலன்னா வேலை இல்லன்னு சார் சொன்னாரு ஐயா."

வீராசாமி போனைக் கையில் எடுத்தார்.

"வெத்தல கெடையாது" என்றார் வீராசாமி. "நீ எட்த்துட்டுக் குடும்மா. அவன் கெடக்கறான்."

அங்கேயே லேப்டாப்பில் உட்கார்ந்து டிக்கை எடுத்து, ஆட்டத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தாள். இந்த முறை கிழவர் காலிக் கட்டத்தில் நின்றார்.

"இது இன்னா?"

"கிளையன்ட். வேணும்னா வெச்சிக்கலாம்."

"வேணாம்." நெக்ஸ்ட் அமுக்கினார். புலி உறுமியது. வெற்றிலை கிடைத்தது.

திங்கட்கிழமை யமுனா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. வெற்றிலை வாங்கி வந்தவளை எப்படிப் போகச் சொல்வது? ஆட்டம் விற்பனைக்குப் போய் ஒரு வாரம் கழித்து பிரபாகர் எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு கிளையன்ட் ஏத்திக்கினாங்க?"

"ஒருத்தர் சார்."

"யாரு?"

"நீங்கதான் சார்."