தட்டில் வைத்த குதிமுள்

நோரா கழுத்தை நீட்டியது கிளாரன்ஸ் எலியட்டுக்குத்தான். கூடவே இன்னொரு ஆளும் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டார் என்பது இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஆளின் பெயர் சர் ஆர்ச்சிபால்ட் எலியட். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேருகிற எல்லைச் சீமையில் கோட்டை கட்டி வாழ்ந்த பிரபு. செத்து நானூறு வருஷம் ஆகப்போகிறது. செத்தவர் செத்தபடி கிடந்தாரா? இல்லையே! சிவாஜிநகர் சந்துக்குள் ஓட்டு வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு ஆஜராகிவிடுவார்.

கிளாரன்ஸின் தாத்தா பட்டாளத்தோடு வந்த ஸ்காட்லாந்துக்காரர். வேலூர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கன்டோன்மென்டிலேயே தங்கிவிட்டார். அவர் விட்டுப்போன சொத்து ஒரு ஜோடி குதிமுள், அதாவது குதிரையை விரட்ட பூட்ஸின் குதிகாலில் மாட்டுகிற இரும்பு முள். சர் ஆர்ச்சியே மாட்டியது என்று வீட்டார் சத்தியம் செய்வார்கள். நோராவுக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் துருப்பிடிக்கவிடாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

கிளாரன்ஸ் வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவன். குதிரை விஷயத்தில் கெட்டிக்காரன், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாற்பத்தேழில் அதிகாரிகள் கப்பலேறினார்கள், குதிரைகள் ஏலத்தில் போயின, லாயம் காலி. கிளாரன்ஸ் தன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சுவரில் மாட்டினான். மாட்டியவன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

நோராவின் அண்ணன் ஞானசேகரன் மில்லில் சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

"மாப்ள, நாளைக்கே சேர்ந்துக்கலாம். கூலி வேலைதான், ஆனா நிலையானது."

"அவன் சங்கு ஊதினா நான் ஓடணுமா? எலியட் வம்சத்துல யாரும் அப்படி ஓடினதில்ல மச்சான்."

"சரி, ஜட்காவாவது ஓட்டுங்களேன்" என்றாள் நோரா. "குதிரைதானே உங்களுக்குப் பிடிக்கும்?"

"குதிரைய வண்டியில கட்டுறவன் மனுஷனாடி?"

அவள் ஜவுளிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை இழுத்தாள். அவன் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை இழுத்தான். எப்போதும் ஒரே கதைதான். சர் ஆர்ச்சியின் கோட்டையில் இறைச்சி தீர்ந்துபோனால் அவர் மனைவி சண்டை போடமாட்டாள், மூக்கைச் சிந்தமாட்டாள். மூடிபோட்ட தட்டு ஒன்றை அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். திறந்தால் உள்ளே குதிமுள். வீட்டில் ஒன்றுமில்லை, போய் எதையாவது கொண்டுவா என்று அர்த்தம். அவரும் பேசாமல் எழுந்து குதிரையேறி எல்லையைத் தாண்டுவார். விடிந்து பார்த்தால் முற்றம் நிறைய இங்கிலீஷ்காரன் மாடு!

"ஆம்பளைன்னா அவரு!" என்று மேஜையைத் தட்டுவான் கிளாரன்ஸ். மகள் பெட்டியும் மகன் ஓஸ்வால்டும் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஊரான் மாட்டைத் திருடினவனுக்கு இத்தனை பீத்தலா என்று நோரா வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அரிசிப்பானையில் கை வெறுமனே சுழன்றது. இருந்த நொய்யைக் கஞ்சியாக்கிப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். கிளாரன்ஸ் கோட்டுப் போட்டபடியே மேஜையில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்றான்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. விறுவிறுவென்று உள்ளே போனாள். குதிமுள்ளை எடுத்துத் தட்டில் வைத்தாள், இன்னொரு தட்டால் மூடினாள், கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தொறந்து பாருங்க."

திறந்தான். "ஐ! அப்பா, மாடு பிடிக்கப் போங்க!" என்று பெட்டி கைகொட்டிச் சிரித்தாள். கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து, சுவரில் இருந்த சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். முள் தட்டிலேயே கிடந்தது.

ரோஷம் வந்தால் நல்லதுதான் என்று நோரா நினைத்தாள். சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சேதி கேட்டு அவனுடைய அக்கா மௌரீன் ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னதும் நோராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப்பாவி, முழுக்கதை உனக்குத் தெரியாதா?"

"என்ன முழுக்கதை அக்கா? மாடு வந்ததோட முடிஞ்சிடுமே?"

"இவன் பாதியிலயே நிறுத்திடுவான். எங்கப்பா முழுசா சொல்லுவாரு. கடைசியா ஒரு தடவ அந்தம்மா முள்ள வெச்சா. இவரு போனாரு. எல்லையில பிடிச்சுத் தூக்குல போட்டுட்டாங்க. பொணம் கூட வரல."

"ஐயோ, இத மொதல்லயே யாராவது சொல்லித் தொலைக்கக்கூடாதா!"

விளையாட்டாகச் செய்ததா, வேண்டுமென்றே குத்தியதா என்று நோராவுக்கே இப்போது தெரியவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தில் கேட்டாள், ரயில் ஸ்டேஷனில் கேட்டாள், ஒருவரும் பார்க்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்தாள். கர்த்தாவே, அந்த ஆள் சம்பாதிக்கவே வேண்டாம், உட்கார்ந்து பீத்திக்கொண்டே இருக்கட்டும், உயிரோடு வந்தால் போதும் என்று வாய்விட்டு அழுதாள். வீட்டுக்கு வந்த கையோடு குதிமுள்ளை எடுத்துப் பின்கட்டுக் கிணற்றில் வீசினாள்.

அந்த வாரக் கடைசியில், வெயில் தாழ்ந்த நேரம், சந்துக்குள் மணிச்சத்தம் கேட்டது. ஜட்கா ஒன்று வாசலில் நின்றது. முன்பலகையில், தாடியும் அழுக்குக் கோட்டுமாகக் கிளாரன்ஸ்!

"நம்ம லாயத்துக் குதிரை நோரா, நான் பழக்கினது. ஆனேக்கல் ஊர்ல வண்டிக்கார பூடன் சாப் ஏலத்துல எடுத்து வெச்சிருந்தாரு. சேணத்தக் குடுத்துட்டு வண்டியோட வாங்கிட்டேன். சவாரி பண்றது வேற, வண்டி ஓட்டுறது வேற. அதப் பழகத்தான் இத்தன நாளாச்சு."

"சொல்லிட்டுப் போகக்கூடாதா? செத்தீங்களா பொழச்சீங்களான்னு..." அவன் முதுகில் படபடவென்று அடித்தாள்.

"சர் ஆர்ச்சி என்ன, சொல்லிட்டா போனாரு?" என்று அவன் ஒரு மூட்டையை இறக்கினான். "மாடு கெடைக்கல. ராகிதான்."

அந்தக் குதிரையும் அதற்குப்பின் இன்னொன்றும் சிவாஜிநகரிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடி ஓடித்தான் பெட்டி டெலிபோன் ஆபீசில் சேர்ந்தாள், ஓஸ்வால்ட் படித்தான். அறுபதுகளில் ஆட்டோக்கள் வந்து மொய்க்கும்வரை ஜட்கா ஸ்டாண்டில் கிளாரன்ஸுக்கு 'லார்டு' என்றுதான் பெயர். மௌரீன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் அசையவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று சாயங்காலம் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தவன், அலமாரியைப் பார்த்தான்.

"முள்ளு எங்க?"

நோரா பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "மௌரீன் அக்கா மிச்சக் கதையச் சொன்னாங்க. பயந்துட்டேன். கெணத்துல போட்டுட்டேன்."

அவன் பின்கட்டுக்குப் போனான். கிணற்றுக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தபடி நின்றான். என்ன சொல்லுவானோ என்று நோரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு வாளி இறைத்துக் கைகால் கழுவினான், உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்தான்.

"பசிக்குது நோரா" என்றான். "தட்ட மூடாம கொண்டு வா."